மழையில்லா நாளின் உருவம்

ஒரு பொருளின் உண்மைக்கும் அது கண்ணுக்குப் புலப்படும் உருவத்துக்கும் உள்ள உறவு யாது, உருவம் உண்மையைக் காட்டுகிறதா மறைக்கிறதா என்பது இந்தியத் தத்துவ நெறிகள் நெடுங்காலமாக வாதிட்டு வரும் வினா. இறைவனைக் குறித்தே அது பெரிதும் எழுப்பப்பட்டது எனினும், எண்களைப் படமாக வரைபவர் முன்னும் அவ்வினா குறையாத கூர்மையோடு நிற்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணுவதற்குத் தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் பொருத்தமான ஊர். இறைவனின் உருவம் பற்றிய ஒரு வழக்கையே தலபுராணத்தின் மையமாகக் கொண்ட கோயில் அங்கே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலங்கள் அவ்வூரைச் சூழ்ந்திருக்கின்றன. மழை பெய்த நாளும் பெய்யாத நாளும் அங்கே வெறும் புள்ளிவிவரம் ஆவதில்லை. அவை விதைப்பையும் கடனையும் குடிநீரையும் முடிவு செய்பவை. அத்தகைய ஊரின் மழைக் கணக்கை ஒருவர் வரைபடமாக்க முற்பட்டால், அவர் அறிந்தோ அறியாமலோ தத்துவத்தின் எல்லைக்குள் அடியெடுத்து வைத்துவிடுகிறார்.

இன்று ஆய்வேடுகளிலும் அறிவியல் நூல்களிலும் அத்தகைய வரைபடங்களை ஆக்க உதவும் கருவிகளுள் லேடெக் முதன்மையானது. டொனால்ட் க்னூத் என்னும் கணினியியல் அறிஞர், தம் நூலின் புதிய பதிப்பு அச்சில் அழகிழந்து வந்ததைக் கண்டு மனம் பொறாமல், 1977-இல் தொடங்கி உருவாக்கிய டெக் என்னும் எழுத்துக்கோப்பு நிரலின் மேல், லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் எழுப்பிய அமைப்பே லேடெக். எழுத்தாளர் ஒரு சொற்றொடரை 'இது தலைப்பு', 'இது அடிக்குறிப்பு' என்று அதன் பொருள்நிலையால் மட்டும் குறித்துவைப்பார். தலைப்பு எந்த எழுத்துருவில், எவ்வளவு பெரிதாக வரவேண்டும் என்பதை வேறோரிடத்தில் உள்ள பாணி வரையறைகள் முடிவு செய்யும். உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் இவ்வாறு பிரித்துவைப்பதே அதன் அடிப்படை நெறி. டில் டான்டாவ் படம் வரைவதற்காக உருவாக்கிய டிக்ஸ் தொகுப்பும், அதனை அடித்தளமாகக் கொண்டு கிறிஸ்டியன் ஃபாயர்ஸெங்கர் எழுதிய பிஜிஎஃப்பிளாட்ஸ் தொகுப்பும் அந்நெறியை எண்களுக்கும் விரித்தன. அங்கே மழையளவுகள் தனியொரு கோப்பில், காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட நிரல்களாக, தேதி ஒரு நிரலிலும் மில்லிமீட்டர் மற்றொரு நிரலிலுமாக இருக்கும். கோட்டின் நிறம், தடிமன், புள்ளியின் வடிவம், அச்சின் அளவுகோல் ஆகியன பெயரிடப்பட்ட பாணிகளாக ஆவணத்தின் தொடக்கத்தில் இருக்கும். 'இக்கோப்பின் இந்த நிரலை இந்தப் பாணியில் வரைக' என்னும் ஒரே கட்டளை அவ்விரண்டையும் இணைக்கும். நாளை கோப்பில் ஓர் எண் திருத்தப்பட்டால் படம் தானே திருந்தும். பாணி மாறினால் எண்கள் மாறா.

இந்தப் பிரிவினை ஒரு பெரும் நன்மையைத் தருகிறது. வரைபவர் கையால் புள்ளி வைப்பதில்லை. ஆகையால் கை நடுங்கியோ மனம் சாய்ந்தோ ஓர் எண் இடம் பெயர வழியில்லை. ஆனால் அதே பிரிவினை ஒரு மயக்கத்தையும் பிறப்பிக்கிறது. கோப்பைத் தொடவில்லை என்பதனாலேயே உண்மைக்குக் குறை நேரவில்லை என்றும், பாணி வெறும் அணிகலனே என்றும், அணிகலன் பொய் சொல்லாது என்றும் எண்ணத் தோன்றுகிறது. எண்ணே பொருள், உருவம் அதன்மேல் போர்த்தப்பட்டது என்னும் இந்நிலைப்பாட்டைப் பூர்வபட்சமாக, அதாவது முதலில் எடுத்துரைத்துப் பின்னர் ஆராயப்பட வேண்டிய எதிர்க்கட்சியாக, வைத்துக்கொள்ளலாம்.

இக்கட்சிக்கு விடையாக, ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியலாளர் 1973-இல் வெளியிட்ட நான்கு சிறு அட்டவணைகளைக் காட்டுவது மரபு. ஒவ்வொன்றிலும் 11 இணை எண்கள். நான்கிலும் முதல் நிரலின் சராசரி 9, இரண்டாம் நிரலின் சராசரி ஏறத்தாழ 7.5, இரு நிரல்களுக்கும் உள்ள ஒட்டுறவின் அளவு நான்கிலும் 0.816-ஐ ஒட்டியது; அவற்றுக்குப் பொருந்தும் நேர்க்கோடும் ஒன்றே. எண்களின் சுருக்கத்தை மட்டும் பார்ப்பவர் நான்கும் ஒன்றெனவே முடிவு செய்வார். வரைந்து பார்த்தாலோ ஒன்று சிதறலான நேர்ப்போக்கு, ஒன்று வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு விலகி நிற்கிறது, இறுதியானதில் ஒரு புள்ளியைத் தவிர மற்றவை அனைத்தும் செங்குத்தாக ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த வேறுபாடு தொடக்கத்திலிருந்தே எண்களுக்குள் இருந்தது. ஆனால் உருவம் பெறும்வரை அது ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கே உருவமே அறிவின் வாயிலாகிறது என்பதால், அதனை அணிகலன் என்று ஒதுக்குவது இயலாது.

உருவத்தின் தகுதி பற்றி அத்வைதமும் சைவ சித்தாந்தமும் வேறு வேறு திசையில் பேசுகின்றன. நாமமும் ரூபமும் ஒன்றான மெய்ப்பொருளின்மீது ஏற்றிக் கூறப்பட்டவை என்பது அத்வைதம்; ஒன்றின் தன்மையை மற்றொன்றின்மேல் ஏற்றிக் காணும் இம்மயக்கத்தை ஆதிசங்கரர் அத்யாசம் என்பார். உபாசனைக்கு உருவம் வேண்டும் என அந்நெறியும் ஏற்கிறது எனினும், அறிவு முதிர்ந்த இடத்தில் அது நீங்கிவிடும். சித்தாந்தமோ இறைவனின் இயல்பைச் சொரூபம், தடத்தம் என இரண்டாக வகுக்கிறது. தன்னளவில் நிற்கும் நிலை சொரூபம். உயிர்களோடு கூடி நிற்கும் நிலை தடத்தம். அருவம், அருவுருவம், உருவம் என்னும் நிலைகள் தடத்தத்தின்பாற்படுவன. அவ்வுருவம் வினையால் வந்த உடல்போன்றது அன்று, அருளே திருமேனியாகக் கொண்டது, தன்னால் நேரே காண இயலாத உயிரின் பொருட்டு எடுக்கப்பட்டது என்பது சித்தாந்திகளின் துணிபு. உருவம் உண்டா இல்லையா என்ற வாதத்தை அது 'யார் பொருட்டு' என்ற வினாவாக மாற்றிவிடுகிறது. வரைபடம் பற்றிய சிந்தனைக்கு இம்மாற்றம் பெரிதும் பயன்படும். பாணி என்பது வரைபவரின் திறமையைக் காட்டுவதற்கா, காண்பவர் தாமாகக் காண இயலாததைக் காண்பதற்கா என்று கேட்டால் பெரும்பாலான குழப்பங்கள் தெளிகின்றன. எட்வர்ட் டஃப்டி 1983-இல் வெளியிட்ட நூலில், தரவைச் சுமக்காத மை படத்தில் இயன்றவரை குறையவேண்டும் என்று வற்புறுத்தியதன் உள்ளுறையும் இதற்கு நெருங்கியதே. எனினும் மை குறைவதே நேர்மை என்று அதனை ஒரு விதியாக்குவது மிகை. காண்பவருக்கு ஒரு கோடு கூடுதலாகத் தேவைப்படின் அக்கோட்டை இடுவதே அறம்.

சங்கரன்கோவில் தலபுராணம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவருள் சங்கன் சிவனே பெரியவர் என்றும், பதுமன் திருமாலே பெரியவர் என்றும் வாதிட்டு உமையம்மையிடம் முறையிட்டனர். சிவனும் திருமாலும் ஒன்றாய் நிற்கும் கோலத்தைக் காணவேண்டி அம்மை புன்னைவனத்தில் தவமிருக்க, வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாய் இறைவன் காட்சி தந்தார். ஆடி மாதத்து உத்திராட நாளில் நிகழும் ஆடித்தபசு அதன் நினைவு. அன்று மாலை, அங்கே கோமதியம்மன் எனப்படும் அம்மைக்குச் சங்கரநாராயணராகக் காட்சி தரும் இறைவன், இரவில் சங்கரலிங்கமாக மீண்டும் காட்சி தருகிறார். இரண்டு செய்திகள் இதில் ஊன்றி நோக்கத்தக்கன. சொல்லால் தீராத வழக்கு உருவத்தால் தீர்ந்தது என்பது ஒன்று. மற்றது, அவ்வொரு திருமேனியில் பாதிகள் கலந்து மங்கிவிடவில்லை. சடையும் முடியும் தத்தம் அடையாளத்தோடு நிற்க, ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பது காண்பவர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கிறது. அதன் பின்னரும் ஒரு காட்சியோடு நிறைவு கொள்ளாமல் இன்னொரு காட்சி வேண்டப்படுகிறது, அருளப்படுகிறது. இறைவனின் கோலத்தையும் மனிதர் வரையும் படத்தையும் ஒரே தட்டில் நிறுத்துவது முறையன்று. அருளால் கொண்ட உருவத்தில் பிழை நேர இடமில்லை, மனிதர் தேரும் பாணியிலோ பிழைக்கு எப்போதும் இடமுண்டு. அந்த வேறுபாடு வரைபவரின் பொறுப்பைக் கூட்டுகிறதே அன்றிக் குறைப்பதில்லை.

பொறுப்பு எத்தகையது என்பதை மெய்யான ஒரு மழையைக் கொண்டு காணலாம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டக் கடலோர ஊரான காயல்பட்டினத்தில் 18-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் பதிவாயிற்று. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அதனை 'மழை நாள்' என்று கணக்கிடுகிறது. ஓராண்டின் 365 வரிகள் கொண்ட கோப்பில் 946-உம் 2.5-உம் 0-உம் அடுத்தடுத்து நின்றால், அவற்றை எட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள படத்தில், 0 முதல் 1,000 வரை செல்லும் வழக்கமான அச்சில் வரையும்போது, 2.5 மில்லிமீட்டர் மழைக்குக் கிடைக்கும் உயரம் 0.2 மில்லிமீட்டர், அது ஏறத்தாழ ஒரு மெல்லிய கோட்டின் தடிமனே. விதைப்புக்கு ஈரம் தந்த சிறு மழைகள் அனைத்தும் அடிக்கோட்டோடு ஒட்டி மறைகின்றன. வெள்ளம் எவ்வளவு கொடியது என்பதை அப்படம் மெய்யாகவே காட்டுகிறது. ஆனால் ஆண்டு எப்படிக் கழிந்தது என்பதை அது காட்டவில்லை.

இக்குறையை நீக்க வரைபவர் மடக்கை அளவுகோலை நாடுவது இயல்பு. அதில் 1-இலிருந்து 10 எவ்வளவு தொலைவோ, 10-இலிருந்து 100-உம் 100-இலிருந்து 1,000-உம் அவ்வளவே தொலைவு. சமமான பெருக்கங்கள் சமமான இடைவெளி பெறும். பிஜிஎஃப்பிளாட்ஸில் செங்குத்து அச்சை மடக்கையாக்க ஒரே சொல் போதும். அதே எட்டு சென்டிமீட்டரில், 1 முதல் 1,000 வரையிலான அச்சில், 2.5 ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலேயும் 946 உச்சியை ஒட்டியும் அமைகின்றன. 378 மடங்கு வேறுபாடு கண்ணுக்கு ஏழரை மடங்காகத் தெரிகிறது. சிறு மழைகள் உயிர் பெறுகின்றன. ஆனால் மழையே இல்லாத நாள்கள் படத்தைவிட்டே நீங்கிவிடுகின்றன. பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. எத்தனை முறை பத்தால் வகுத்தாலும் பூச்சியத்தை எட்ட முடியாது என்பதால் மடக்கை அச்சில் அதற்கு நிற்க இடமே இல்லை. ஆகவே மென்பொருள் அப்புள்ளிகளைத் தள்ளிவிட்டு, இன்ன புள்ளி விடப்பட்டது என்ற குறிப்பைத் தன் செயற்பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு, படத்தை முடித்துத் தருகிறது. அக்குறிப்பு வரைபவரின் கணினியில் தங்கிவிடும். அச்சிட்ட பக்கத்தைப் படிப்பவரை அது சென்றடையாது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மழை மறைவு நிலத்தின் கணக்கில், தள்ளப்பட்டவை எவை என்று எண்ணினால் உண்மை விளங்கும்: வறட்சியே தள்ளப்பட்டது. கோப்பில் ஓர் எண்ணும் மாறவில்லை. எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் அப்பகுதியின் வாழ்வைத் தீர்மானிக்கும் செய்தி பக்கத்தில் இல்லை.

இல்லாமையை அறிவது எப்படி என்ற வினாவில் இந்திய அளவைநூலார், அதாவது அறிவு பிறக்கும் வழிகளை ஆராய்ந்த தருக்கவியலார், காட்டிய நுட்பம் வியக்கத்தக்கது. வைசேடிகர் அபாவத்தைத் தனியொரு பதார்த்தமாக, உலகில் உள்ள பொருள் வகைகளுள் ஒன்றாகவே வைத்தனர். எதன் இன்மை, எவ்விடத்து இன்மை என்னும் இரண்டும் தெரியாமல் இன்மையை அறிந்ததாகச் சொல்ல இயலாது என்றும் தருக்கவியலார் வரையறுத்தனர். குமாரிலபட்டரின் வழிவந்த மீமாம்சகரோ, காணாமை என்பதைத் தனி அளவையாகவே ஏற்று, அதற்கு ஒரு கட்டுப்பாட்டையும் விதித்தனர்: அப்பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற சூழல் இருந்தால்தான் காணாமை அதன் இன்மைக்குச் சான்றாகும். இருளில் குடத்தைக் காணாதது குடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. தமிழில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அபாவம் உள்ளிட்ட பத்து அளவைகளை எண்ணி, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். இன்மையைத் தனி அளவையாக வைப்பதா காண்டலுள் அடக்குவதா என்பதில் நெறிகள் மாறுபட்டாலும், இன்மையும் ஒரு வகை அறிவே, அதனைப் பெறுவதற்கு ஒருவர் உரிய இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்பதில் அவை பெரிதும் ஒத்துப்போகின்றன.

மழைக் கோப்புக்கு இக்கருத்து நேராகவே பொருந்துகிறது. காலை எட்டரை மணிக்கு மழைமானியை ஒருவர் சென்று பார்த்து, நீர் இல்லை என்று கண்டு 0 என எழுதினால், அது முறையான இன்மை அறிவு. மழை பெய்திருந்தால் அக்கருவியில் நீர் இருந்திருக்கும். எவரும் சென்று பாராத நாளிலோ, கருவி பழுதுற்ற நாளிலோ அக்கட்டம் வெறுமையாக நிற்கும். அது மழையின் இன்மை அன்று, அறிவின் இன்மை. கோப்பில் இவ்விரண்டும் வேறு வேறாக எழுதப்பட வேண்டும். பிந்தியதற்கு 'எண் அன்று' என்னும் பொருளுடைய ஒரு குறியீட்டை எழுதுவது வழக்கம். அவ்வாறு கோப்பு நேர்மையாக இருந்தும் பாணி அதைக் குலைத்துவிட முடியும். பிஜிஎஃப்பிளாட்ஸ் இயல்பாகவே இத்தகைய புள்ளிகளைத் தள்ளிவிட்டு, முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிடுகிறது. அறியப்படாத வாரத்தின் மேல் அறிந்ததுபோல ஒரு நேர்க்கோடு ஓடுகிறது. அவ்விடத்தில் கோடு அறுபட்டுத் தாண்டுமாறு ஆணையிடவும் தனியொரு தெரிவு உண்டு. அத்தெரிவை இடுவதும் இடாததும் நிறத்தைத் தேர்வதுபோல் சுவை சார்ந்த செய்தியன்று. பார்த்ததையும் பாராததையும் ஒன்றாக்கிக் காட்டலாமா என்ற வினாவே அதில் அடங்கியிருக்கிறது. மடக்கை அச்சிலோ தீமை இரட்டிப்பாகிறது: கண்டறிந்த பூச்சியமும் அறியப்படாத வெற்றிடமும் ஒரே வாயிலால், ஒரே ஓசையின்மையோடு வெளியேற்றப்படுகின்றன.

இத்தகைய வேறு சில இடங்களைச் சுருக்கமாகக் குறித்தால் போதும். புள்ளிகளை வளைவாக இணைக்கும் தெரிவு சில நேரங்களில் இரண்டு பூச்சியங்களுக்கு நடுவே கோட்டைப் பூச்சியத்துக்குக் கீழே இறக்கி, உலகில் எங்கும் பெய்யாத எதிர்மறை மழையை வரைந்துவிடும். பட்டை வரைபடத்தில் அச்சு பூச்சியத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், அது தரவின் மிகச் சிறிய மதிப்பை ஒட்டித் தொடங்கக்கூடும். பட்டையின் நீளமே அளவு என்று நம்பிப் பார்ப்பவர் ஏமாறுவார்.

டெக் நிரலைத் தந்த க்னூத் இறைநம்பிக்கை உடைய லூத்தரன் கிறித்தவர் என்பதும், உருவத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவை அவர் சமயத்தின் வழியாகவும் ஆராய்ந்தவர் என்பதும் பரவலாக அறியப்படாதவை. 1991-இல் வெளிவந்த அவருடைய ஒரு நூல், விவிலியத்தின் பெரும்பாலான நூல்களிலிருந்து மூன்றாம் அதிகாரத்துப் பதினாறாம் வசனத்தை எடுத்து ஆராய்கிறது. தமக்குப் பிடித்த வசனங்களைத் தேர்ந்தால் தம் மனச்சாய்வே நூலாகிவிடும் என்பதால், புள்ளியியலின் மாதிரியெடுப்பு முறையைப் பின்பற்றித் தேர்வைத் தம் கையிலிருந்து விலக்கிவைத்தார். அவ்வாறு கிடைத்த வசனங்களை, ஹெர்மன் ஸாஃப் என்னும் எழுத்துருக் கலைஞரின் துணையோடு, பல நாட்டு அழகெழுத்துக் கலைஞர்களிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியழகு பெறச் செய்தார். கடவுளுக்கும் கணினியியலுக்கும் உள்ள உறவு பற்றி 1999-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆற்றிய உரைகளிலும் இம்முயற்சியை அவர் விரித்துரைத்தார். எதைக் காட்டுவது என்பதில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு, எப்படிக் காட்டுவது என்பதில் அன்பையும் உழைப்பையும் வாரி வழங்கும் இவ்வொழுங்கில் ஒரு துறவும் ஒரு வழிபாடும் சேர்ந்திருக்கின்றன. அழகை அஞ்சி ஒதுக்குவோரும், அழகுக்காக உண்மையை வளைப்போரும் இதனைக் கருத்தூன்றிப் பார்ப்பது நல்லது.

மழைப் படத்துக்கு வழி இல்லாமல் இல்லை. ஒரே கோப்பிலிருந்து இரண்டு அச்சுகளை அடுத்தடுத்து அமைக்கும் வசதி பிஜிஎஃப்பிளாட்ஸில் உண்டு. ஒன்றில் வழக்கமான அளவுகோல் வெள்ளத்தின் பேருருவைக் காட்ட, மற்றொன்றில் மடக்கை அளவுகோல் சிறு மழைகளை வெளிப்படுத்தலாம். மடக்கைப் படத்தின் அடியில், அச்சுக்குப் புறம்பாக ஒரு மெல்லிய பட்டி அமைத்து, மழையற்ற நாள்களை ஒரு குறியாலும் அளவெடுக்கப்படாத நாள்களை வேறொரு குறியாலும் நிரப்பலாம். அளவுகோல் மாறும் எல்லை மறைக்கப்படாமல், படவிளக்கத்தில் எழுத்தாலும் சொல்லப்பட வேண்டும். இவற்றோடு கோப்பையும் வாசகர் கைக்குத் தருவது இன்றியமையாதது. லேடெக் ஆவணத்தின் மூலத்துக்குள்ளேயே தரவுக் கோப்பின் வரிகளை அடக்கிவைத்துக் கொடுக்க வழியிருப்பதால், மூலத்தைப் பெற்றவர் எவரும் வேறு பாணியைத் தேர்ந்து அதே ஆண்டைத் தம் கண்ணுக்கு ஏற்ப மீண்டும் வரைந்து பார்க்க முடியும். மானாவாரி உழவர் ஒருவர் கேட்கும் கேள்வி, வெள்ள நிவாரணக் கணக்கு எழுதும் அலுவலரின் கேள்வியாக இருக்கவேண்டியதில்லை. முன்னவருக்கு ஐப்பசியில் தொடர்ந்து எத்தனை நாள் வறண்டன என்பதே முதன்மை, அந்நாள்களை அவர் தேடும்போது அவை படத்தில் இருக்கவேண்டும்.